முக்க வேண்டாம், தசையைத் தளர்த்தப் பழகுங்கள்
நெடுநாள் மலச்சிக்கலுக்கு இடுப்புத்தள பிசியோதெரபி

மலச்சிக்கலைப் பற்றிப் பேசப் பலர் கூச்சப்படுகிறார்கள். மருத்துவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, இதைச் சொல்லாமலேயே வீடு திரும்புகிறார்கள். வீட்டில் விளக்கெண்ணெய், கடுக்காய்ப் பொடி, சூரத்து நிலாவரை, கடையில் வாங்கிய பேதி மாத்திரை என்று ஒன்று மாற்றி ஒன்றாகப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். ஆண்டுகள் பல கடந்தும் சிலருக்குச் சிக்கல் தீர்வதில்லை.

உங்களுக்கும் அப்படி இருந்தால், காரணம் உணவிலோ குடலிலோ மட்டும் இல்லாமல் இருக்கலாம். மலம் வெளியேறும் வாசலில் உள்ள தசைகள் சரியான நேரத்தில் தளராமல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தத் தசைகளை மீண்டும் பழக்க முடியும். அதற்கான சிகிச்சையே இடுப்புத்தள பிசியோதெரபி. அது எப்படி உதவுகிறது, யாருக்கு ஏற்றது, எங்கே கேட்பது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

எது மலச்சிக்கல்?

தினமும் காலையில் மலம் கழித்தால்தான் உடல் நலமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு நாளில் மூன்று முறை கழிப்பதும் இயல்புதான், ஒரு வாரத்தில் மூன்று முறை கழிப்பதும் இயல்புதான். சிரமமில்லாமல் கழிகிறதா என்பதே முக்கியம்.

கீழ்க்காண்பவற்றில் சில உங்களுக்குப் பல மாதங்களாக இருந்தால், அதை நெடுநாள் மலச்சிக்கல் எனலாம்:

• வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழிதல்
• மலம் கட்டியாக, உருண்டை உருண்டையாக வெளியேறுதல்
• பெரும்பாலும் முக்கித்தான் கழிக்க வேண்டியிருத்தல்
• கழித்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு
• வாசலில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு

வாசல் திறக்காவிட்டால் என்ன ஆகும்?

இடுப்பு எலும்புகளுக்கு நடுவே, அடிப்பகுதியில், ஒரு தொட்டிலைப் போலத் தசைகள் விரிந்திருக்கின்றன. இவையே இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும், பெண்களுக்குக் கருப்பையையும், இவை கீழிருந்து தாங்குகின்றன. இவை ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு.

இவற்றில் ஒரு தசை, மலக்குடலின் பின்புறமாகச் சுற்றி வந்து, அதைக் கயிறு போல முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் குழாயை மடக்கியது போல மலக்குடலில் ஒரு வளைவு ஏற்படுகிறது. நாம் நடக்கும்போதும் சிரிக்கும்போதும் இருமும்போதும் மலம் கசியாமல் இருப்பதற்கு இந்த வளைவும், ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை வளையமும் உதவுகின்றன.

மலம் கழிக்கும்போது இந்தத் தசைகள் தளர வேண்டும். வளைவு நிமிர வேண்டும். ஆசனவாய் திறக்க வேண்டும். அதே நேரத்தில் வயிறு மெதுவாக அழுத்தம் கொடுக்க வேண்டும். அப்போது மலம் எளிதாக வெளியேறும்.

சிலருக்கு இந்த ஒழுங்கு மாறிவிடுகிறது. வயிறு தள்ளும்போது இடுப்புத்தளத் தசைகள் தளர்வதற்குப் பதிலாக இறுகுகின்றன. பூட்டிய கதவைத் தள்ளுவது போன்றது இது. எவ்வளவு பலமாக முக்குகிறார்களோ, அவ்வளவுக்குத் தசை இறுகும். நெடுநாள் மலச்சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவர்களிடம் அனுப்பப்படுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது.

இது ஏன் ஏற்படுகிறது?

எல்லாருக்கும் காரணம் தெளிவாகத் தெரிவதில்லை. சிலருக்குக் கீழ்க்காண்பவை காரணமாக இருக்கலாம்:

• மூலம் அல்லது ஆசனவாய் வெடிப்பின் வலிக்குப் பயந்து தசையை இறுக்கிப் பழகியது
• வேலையிடத்தில் கழிவறைக்குப் போக வசதியில்லாமல் பல ஆண்டுகள் அடக்கி வைத்தது
• பிரசவத்தின்போது அல்லது அறுவை சிகிச்சையின்போது தசைகளுக்கு ஏற்பட்ட பாதிப்பு
• பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்கள்
• பல ஆண்டுகளாக முக்கி முக்கிக் கழித்த பழக்கம்

கம்பத்து வீடுகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மலம் கழித்தது மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். அப்படி உட்காரும்போது மலக்குடலின் வளைவு ஓரளவு தானாகவே நிமிர்கிறது. நாற்காலி போன்ற கழிவறையில் அந்த அளவுக்கு நிமிர்வதில்லை. அதற்காகக் கழிவறை இருக்கைமேல் ஏறிக் குத்துக்காலிட வேண்டாம். வழுக்கி விழும் ஆபத்து உண்டு. பாதத்துக்குக் கீழே ஒரு சிறிய ஸ்டூல் வைத்தாலே போதும். அதை எப்படிச் செய்வது என்று பின்னால் விளக்கப்பட்டுள்ளது.

உங்களுக்கு இது இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள்

• மலம் இளகலாக இருந்தும் வெளியேறச் சிரமப்படுதல்
• கழிவறையில் நெடுநேரம் உட்கார்ந்திருத்தல்
• விரலால் உதவி செய்துதான் மலத்தை வெளியே எடுக்க வேண்டியிருத்தல். பெண்களாக இருந்தால், பிறப்புறுப்புப் பகுதியை அழுத்திக்கொண்டால்தான் மலம் வெளியேறுதல்
• பேதி மருந்து எடுத்தால் தண்ணீராகப் போய்விட்டு, அதன் பிறகும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுதல்
• நார்ச்சத்தை அதிகரித்த பிறகு வயிறு இன்னும் உப்புதல்

விரலால் உதவி செய்துகொள்வதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மருத்துவர்களும் தாதியரும் இதை அடிக்கடி கேட்கிறார்கள். எங்கே கோளாறு என்பதைக் கண்டறிய இந்தத் தகவல் அவர்களுக்குப் பெரிதும் உதவும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல நாள் மலம் கழியாமல் இருந்து, பிறகு திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், அது வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்து எடுக்க வேண்டாம். உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றித் திரவ மலம் கசிவதாக இருக்கலாம். அந்த நிலையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து நிலைமையை மோசமாக்கும். மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

பிசியோதெரபி தொடங்குவதற்கு முன், வேறு நோய் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். பின்வருபவை இருந்தால் தாமதிக்காமல் சொல்லுங்கள்:

• மலத்தில் இரத்தம், அல்லது தார் போன்ற கறுப்பு நிற மலம்
• காரணமில்லாமல் உடல் எடை குறைதல்
• இரத்தசோகை, அதிகக் களைப்பு
• இதுவரை இல்லாத மலச்சிக்கல் அண்மையில் புதிதாகத் தொடங்கியிருத்தல்
• குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தது

இரத்தம் வந்தால் அது மூலமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறை மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அறிகுறி இருப்பவர்களுக்கு அந்தப் பரிசோதனை மட்டும் போதாது. மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும்.

கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு வீங்கி வாயுகூட வெளியேறாமை ஆகியவை சேர்ந்து வந்தால், அது குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 995ஐ அழையுங்கள்.

நீங்கள் எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடுமையான வலிநிவாரணிகள், சிலவகை இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை மலச்சிக்கலை உண்டாக்கலாம். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் சொல்லுங்கள்.

மருத்துவர் கையுறை அணிந்த விரலால் ஆசனவாயைச் சோதிக்கலாம். சிறப்பு மருத்துவர் தேவைப்பட்டால், மெல்லிய குழாய் ஒன்றை மலக்குடலுக்குள் செலுத்தித் தசைகளின் அழுத்தத்தை அளப்பார். சிறிய பலூனில் 50 மில்லிலிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, அதை உங்களால் வெளியேற்ற முடிகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. இவை சற்று அசௌகரியமாக இருந்தாலும் பொதுவாக வலிக்காது.

பிசியோதெரபியில் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பில் பிசியோதெரபி நிபுணர் உங்களிடம் பேசுவார். எத்தனை நாளுக்கு ஒரு முறை மலம் கழிகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது, என்ன சாப்பிடுகிறீர்கள், பிரசவம், அறுவை சிகிச்சை ஆகியவை பற்றிக் கேட்பார். ஒரு வாரத்துக்குக் குறிப்பெழுதி வரச் சொல்லலாம். நாட்காட்டியிலேயே குறித்து வைத்தாலும் போதும்.

பிறகு உங்கள் மூச்சு, வயிறு, இடுப்பு ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பார். தேவைப்பட்டால் ஆசனவாய்த் தசைகளை விரலால் சோதிக்கலாமா என்று உங்கள் அனுமதி கேட்பார். வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். பெண்கள் பெண் நிபுணர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். குடும்பத்தில் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம்.

‘பயோஃபீட்பேக்’ என்ற பயிற்சியும் தரப்படலாம். சிறிய உணர்கருவி ஒன்றை ஆசனவாயில் வைப்பார்கள், அல்லது அதன் அருகே தோலில் ஒட்டுவார்கள். தசை இறுகும்போது திரையில் கோடு உயரும், தளரும்போது தாழும். கண்ணுக்குத் தெரியாத தசை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதைத் திரையில் பார்த்துப் பழகுவீர்கள். பழகிய பிறகு திரை இல்லாமலேயே செய்ய வரும்.

பொதுவாக நான்கு முதல் ஆறு சந்திப்புகள் தேவைப்படும். இடைப்பட்ட நாள்களில் வீட்டில் தினமும் பயிற்சி செய்ய வேண்டும்.

இது உண்மையில் பலன் தருமா?

இத்தாலியில் நடத்தப்பட்டு 2006ல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்புத்தளத் தசைகள் தளராததால் கடும் மலச்சிக்கல் இருந்த 109 பேர் கலந்துகொண்டனர். 54 பேருக்கு வாரம் ஒரு முறை வீதம் ஐந்து முறை பயோஃபீட்பேக் பயிற்சி தரப்பட்டது. 55 பேருக்கு மலமிளக்கி மருந்து தரப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 43 பேருக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. மருந்து எடுத்தவர்களில் 12 பேருக்கே அந்த அளவு முன்னேற்றம் இருந்தது.

ஆனால் எல்லா மலச்சிக்கலுக்கும் இது மருந்தாகாது. குடலே மெதுவாக இயங்குபவர்களுக்கு வேறு சிகிச்சை தேவைப்படலாம். முதுமை மறதி நோய் முற்றியவர்களால் இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொள்வது கடினம். அவர்களுக்கு உணவு, மருந்து, குறித்த நேரத்தில் கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவற்றைப் பராமரிப்பாளர் கவனித்துக்கொள்ளலாம்.

பிசியோதெரபி தொடங்கியதும் மலமிளக்கி மருந்தை உடனே நிறுத்திவிட வேண்டாம். மலம் இளகலாக இருந்தால்தான் பழகுவது எளிது. மருந்தை எப்போது குறைக்கலாம் என்று மருத்துவர் சொல்வார்.

வீட்டில் இப்போதே தொடங்கக்கூடியவை

1. வயிற்று மூச்சு
மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். படுக்க முடியாதவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம். ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். வயிறு உயர வேண்டும். அப்போது ஆசனவாய்ப் பகுதி கீழே இறங்கித் தளர்வதைக் கவனியுங்கள். பிறகு வாயால் மெதுவாக மூச்சை விடுங்கள். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

2. நேரம்
சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். காலையில் இந்த அசைவு அதிகம். ஆகவே காலை உணவும் கோப்பியும் முடிந்து அரை மணி நேரத்துக்குள் கழிவறைக்குச் செல்லப் பழகுங்கள். உந்துதல் வந்தால் அடக்க வேண்டாம்.

3. உட்காரும் முறை
15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள, வழுக்காத சிறிய ஸ்டூலில் இரண்டு பாதங்களையும் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். முன்பக்கம் குனிந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள். எழுந்திருக்கும்போது ஸ்டூலில் கால் இடறாமல் கவனமாக இருங்கள். இடுப்பு அல்லது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இப்படி உட்காரலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

4. தள்ளும் முறை
மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்காதீர்கள். வாயைக் குவித்து, விறகடுப்புக் காலத்தில் ஊதாங்குழலில் ஊதியது போல, மெதுவாக நீளமாக ஊதுங்கள். ஊதும்போது வயிற்றை உள்ளே இழுக்காமல், இடுப்பைச் சுற்றிலும் அகலமாக விரிய விடுங்கள். ஆசனவாயைத் தளர்த்துங்கள். சில முறை செய்து, இடையிடையே ஓய்வெடுங்கள்.

5. பத்து நிமிடம் போதும்
பத்து நிமிடத்துக்குள் கழியாவிட்டால் எழுந்துவிடுங்கள். அடுத்த வேளை சாப்பிட்ட பிறகு மீண்டும் முயலுங்கள். செய்தித்தாளும் கைத்தொலைபேசியும் கழிவறைக்கு வெளியே இருக்கட்டும்.

இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சிறுநீர்க் கசிவுக்கு அது நல்லது. ஆனால் ஏற்கெனவே தசை இறுகியிருப்பவர்கள் இறுக்கும் பயிற்சியை மட்டும் செய்தால் மலச்சிக்கல் கூடலாம். உங்களுக்கு எது தேவை என்று நிபுணரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உணவும் தண்ணீரும்

ஒரு நாளில் ஆண்களுக்கு 26 கிராம், பெண்களுக்கு 20 கிராம் நார்ச்சத்து தேவை. பப்பாளி, கொய்யா, கீரை, சுண்டல், பருப்பு, பழுப்பரிசி, முழுத்தானிய ரொட்டி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் கூட்டாமல், ஓரிரு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்டுங்கள். இசப்கோல் பொடியைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்க வேண்டாம். இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால், மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

முக்குவதால் வரும் ஆபத்து

மூச்சைப் பிடித்துப் பலமாக முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். சில மூத்தோருக்குத் தலைசுற்றல் வந்து கழிவறையிலேயே மயங்கி விழ நேரலாம். இதய நோய் உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் முக்கினால் மூலம் பெரிதாகலாம். மலக்குடல் வெளியே சரியவும் கூடும். கழிவறையில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்திக்கொள்வது நல்லது. வீவக வீடுகளில் வசிக்கும் மூத்தோர் ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

எங்கே, எப்படிக் கேட்பது?

உங்கள் குடும்ப மருத்துவரிடமோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ தொடங்குங்கள். தேவைப்பட்டால் அவர்கள் உங்களைப் பொது மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையுடன் செல்லும் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் சலுகைக் கட்டணத்தில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம். கட்டணம் எவ்வளவு ஆகும் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்வது என்று தயங்கினால், இதைச் சொல்லுங்கள்: “டாக்டர், எனக்கு நெடுநாளாக மலச்சிக்கல் இருக்கிறது. மலம் இளகலாக இருந்தாலும் முக்கினால்தான் வருகிறது. முழுதாகக் கழிந்தது போல இல்லை.” மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், ‘பெல்விக் ஃப்ளோர் பிசியோதெரபி’ எனக்கு உதவுமா என்று கேளுங்கள். அந்தப் பெயர் அவருக்குப் புரியும். தமிழ் பேசும் தாதி அல்லது ஊழியர் இருந்தால் உதவி கேட்கலாம். இந்தக் கையேட்டைக் கையில் எடுத்துச் சென்று காட்டினாலும் போதும்.

கழிவறைக்குப் பயந்து கோவில் திருவிழாவுக்கும் பேரப்பிள்ளைகளுடன் வெளியூருக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடும் மூத்தோர் இருக்கிறார்கள். வயதானால் இப்படித்தான் என்று அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுவது போலவே இதைப் பற்றியும் பேசுங்கள்.